வயிற்றுவாரும் வயிற்றுக்குரியவளும்

அவையோருக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் ஒருவரிடம் குடி, அதாவது குலப்பிரிவு, எதுவென்று கேட்டால் அவர் தாயின் குடியையே சொல்வார். கோயில் உரிமைகள் பலவும் அந்த வழியில்தான் வருகின்றன; அந்தத் தொடர்ச்சிக்கு 'வயிற்றுவார்' என்று பெயரும் வைத்திருக்கிறோம். மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்து வாழவைக்கும் வழக்கமும் நம்முடையது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிய வீடுகளைக் குடும்பத் தலைவன் என்று ஆணின் பெயரில் பதிந்தபோது, இந்த வழக்கம் குலைவதைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். இத்தனையையும் பெருமையோடு சொல்லும் இந்தக் கல்லடியில் நின்று நான் கேட்க வந்தது ஒன்றுதான்: வயிற்றைக் கொண்டு குடி எண்ணும் ஊரில், அந்த வயிறு யாருக்குரியது?

குடி தொடர வேண்டுமென்றால் வயிறு சும்மா இருக்கக் கூடாது என்பதே நாம் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. கல்யாணமாகி ஆறு மாதம் கழியுமுன் "என்னகா, இன்னும் ஒண்டுமில்லையா?" என்று கேட்கும் பெரியம்மாவுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அவரையும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். குறை கணவனிடம் இருந்தாலும் ஊர் வாயில் 'மலடி' புழங்கும் அளவுக்கு 'மலடன்' புழங்குவதில்லை.

சட்டம் இதைவிடக் கடுமையானது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைக்க இடம் தரவில்லை. வன்புணர்வால் உண்டான கருவுக்கும் அதில் விலக்கு இல்லை. 1995இல் வன்புணர்வுச் சட்டம் திருத்தப்பட்டபோதும், நீதிமன்ற ஆணையால் பிரிந்து வாழ்பவளைத் தவிர மற்ற மனைவியருக்குக் கணவனிடமிருந்து அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்: கருவுறுமுன் வேண்டாமென்று சொன்னாலும் அவள் சொல் ஏறாது, கருவுற்றபின் சொன்னாலும் ஏறாது. எல்.ஆர்.ரி என்னும் பெண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள விரும்பி வந்த, மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தியிடம் "அவர் என்ன சொல்றார்?" என்று கேட்கப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

தாய்மையை இழிவுபடுத்துகிறாயா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நானும் இரண்டு பெற்றவள். மூத்தவளை விரும்பிப் பெற்றேன். இளையவனை ஊரும் உறவும் கேட்டதற்காகப் பெற்றேன். அவன்மேல் எனக்குள்ள பாசத்தில் ஓர் அணுவும் குறைவில்லை, ஆயினும் அந்த முடிவு என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அவனுக்கு இப்போது பதினேழு வயது. இங்கு வருமுன் இதை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.