இங்கிலீஷ் வராவிட்டாலும் ஜெர்மன் வரும்

(சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அண்ணன் அக்காமார்களே, ஆலையில் ஷிஃப்ட் முடிந்து நேரே இங்கே வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

வயது வந்தபின் பிரெஞ்சும் ஜெர்மனும் சொந்தமாகக் கற்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தோட்ட அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். இரண்டையும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் படித்தேன். இந்தப் பேச்சை நம் ஊரில் எடுத்தால் வருகிற முதல் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். "இங்கிலீஷே ஒழுங்கா வரல, இதுல ஜெர்மனா?" இன்றைக்கு நான் பேச வந்தது முழுக்க அந்தப் பதிலைப் பற்றித்தான். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தைச் சரியாகச் செய்யாத எத்தனையோ பேர், உலக மொழி எதுவுமே தனக்கில்லை என்று அன்றோடு முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. தமிழும் மலாயும் பேசுகிறவர் ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சில இடங்களில் நம் வழி இன்னும் குறுக்கு வழி. எப்படி என்று காட்டுகிறேன்.

"எனக்குக் குளிருது" என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல "நான்" என்று ஆரம்பிக்க வேண்டும். ஜெர்மனில் "மீர் இஸ்ட் கால்ட்". மீர் என்றால் எனக்கு. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறி, "நான் குளிர்ச்சியான ஆள்" என்பது போல் எதையோ சொல்லி வைப்பார்கள். நமக்கு அது நம் வீட்டு வாக்கியம். இன்னொன்று. "அது எனக்குப் பிடிக்குது" என்பதற்கு "டாஸ் கெஃபெல்ட் மீர்". மறுபடியும் அதே எனக்கு. "உனக்கு உதவுறேன்" என்றால் "இஹ் ஹெல்ஃப டீர்". டீர் என்றால் உனக்கு. உதவி என்றால் உனக்குத்தான், உன்னை இல்லை என்று தமிழ் நினைக்கிறது. ஜெர்மனும் அப்படியே நினைக்கிறது. பிரெஞ்சிலும் கொஞ்சம் உண்டு. "எனக்கு வேணும்" என்பதை "இல் ம ஃபோ" என்று, அதே எனக்கு வைத்துச் சொல்லலாம்.

பள்ளியில் எட்டு வேற்றுமை மனப்பாடம் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஐ, ஆல், கு, இன், அது, கண். இதெல்லாம் வாழ்க்கையில் எதற்கு என்று கேட்டிருப்போம். இதற்குத்தான். ஜெர்மனில் வேற்றுமை நான்கு. எழுவாய், ஐ, கு, அது: இந்த நான்கையும் தெரிந்தவர் ஏற்கெனவே அந்த இலக்கணத்தின் உள்ளே இருக்கிறார். நாம் உருபைச் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம். அவர்கள் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் வரும் சின்னச் சொல்லை மாற்றுகிறார்கள். டேர், டேன், டேம், டெஸ். ஆண்பாலுக்கு அவ்வளவுதான். உலகம் முழுக்க மாணவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவர் பயப்படத் தேவையில்லை.

வினைச்சொல் கடைசியில் வருவதும் அப்படித்தான். "வைல் இஹ் ஹொய்ட நிஹ்ட் கொம்மன் கன்" என்ற ஒரு துண்டைப் பாருங்கள். என்னால் இன்று வர முடியாது என்பதால் என்று பொருள். கொம்மன் என்றால் வர, கன் என்றால் முடியும். நாம் சொல்கிற அதே வரிசை, வாக்கியத்தின் அதே கோடியில். எல்லா வாக்கியமும் இப்படி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனி வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்துக்கு ஓடிவிடும். சார்ந்து வரும் வாக்கியத்தில் மட்டும் கடைசிக்குப் போகும். ஆனால் வினைக்காகக் காத்திருந்து கேட்கிற பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

நீ, நீங்கள் வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஜெர்மனில் டூ, ஸீ. பிரெஞ்சில் ட்யூ, வூ. பிரெஞ்சின் வூ அப்படியே நம் நீங்கள் மாதிரி: மரியாதைக்கும் அதுதான், பலருக்கும் அதுதான். மாமியாரிடம் எதைப் பயன்படுத்துவது என்று நம் பெண்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

தமிழ் உதவாத இடமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால் பெண்பால் பார்க்கிற மொழிகள் இவை. நம் உயர்திணை அஃறிணை அங்கே செல்லாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும்; வேறு குறுக்கு வழி கிடையாது.

பிரெஞ்சுக்கு வருவோம். இங்கே மலாய் கை கொடுக்கும். "கெரேத்தா மேரா" என்கிறோம். கார் முதலில், சிவப்பு பின்னால். பிரெஞ்சிலும் "வுவாத்யூர் ரூஜ்", கார் முதலில், சிவப்பு பின்னால். பெரிய, சின்ன, நல்ல போன்ற சில சொற்கள் மட்டும் முன்னால் வரும். பிரெஞ்சின் ர தொண்டைக்குள்ளிருந்து வரும். அதை வாயில் கொண்டுவர ஐரோப்பியரே சிரமப்படுகிறார்கள். மாலைத் தொழுகையைக் குறிக்கும் மக்ரிப் என்ற சொல்லை நாம் தினமும் ரேடியோவில் கேட்கிறோம். அதில் நடுவில் வரும் ஒலியை நல்ல மலாய் அறிவிப்பாளர் சொல்வதைக் கவனியுங்கள், பிரெஞ்சு ர அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. காமிஸ் என்று வியாழனைச் சொல்லும்போது வரும் முதல் ஒலி, ஜெர்மனில் ஆஹ் என்று முடியும் சொற்களுக்கு உதவும். தமிழ் எழுத்தில் இந்த ஒலிகள் இல்லைதான். ஆனால் நம் காதில் இருக்கின்றன.

பிரெஞ்சின் மூக்கொலி என்று எல்லாரும் மிரட்டுவார்கள். "அவன் வந்தான்" என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? கடைசி ன் முழுதாக வருவதில்லை, உயிரெழுத்து மூக்கு வழியாகப் போய் நின்றுவிடுகிறது. "மரம்" என்பதிலும் அப்படித்தான். பிரெஞ்சு மூக்கொலியும் இதே வேலைதான். எழுத்துத் தமிழ் போல் உச்சரிக்காதீர்கள், தோட்டத்துத் தமிழ் போல் உச்சரியுங்கள், சரியாக வரும்.

அதனால் என் கருத்து, ஜெர்மனை முதலில் எடுங்கள். எழுதியபடியே ஏறக்குறைய படிக்கலாம், இலக்கணம் நமக்குப் பழக்கமானது. பி1, அதாவது தேர்வின் ஆறு நிலைகளில் மூன்றாவது நிலை, வந்தபின் பிரெஞ்சு தொடங்குங்கள். பிரெஞ்சில் எழுத்து ஒன்று, ஒலி வேறு: பார்ல் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் வினை, நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதப்படும். கண்ணால் படித்துக் கற்றால் கெட்டுப்போகும். பிரெஞ்சைக் காதால்தான் தொடங்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மட்டும் தொடங்காதீர்கள்.

சரி, வயது. "நாற்பதுக்கு மேல மண்டையில ஏறாது" என்பார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிய நம் மக்களை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் போய் இறங்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர். பெரும்பாலோர் வளர்ந்தவர்கள், தனியாக வந்த இளைஞர்கள். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கற்றார்கள். ஆர்டர் கத்துகிறவன் என்ன சொல்கிறான் என்று புரிந்தாக வேண்டும், அகதி விண்ணப்பத்துக்கு அலுவலகத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பாரிஸில் லா ஷாப்பேல் பக்கம் இன்று தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஜெர்மனியில் ஹாம் என்ற ஊரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பி 2002இல் குடமுழுக்கு செய்தார்கள். அந்தக் கோயிலுக்கு நிலமும் அனுமதியும் வாங்க ஜெர்மன் அதிகாரிகளோடு கடிதம் எழுதிப் பேசியாக வேண்டியிருந்தது. அவர்கள் கையில் சொகுசான நேரமோ வகுப்பறையோ இருக்கவில்லை. நம்மிடம் வந்து ஜெர்மன் தமிழனுக்கு வராது என்று யாராவது சொன்னால், இவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதோ நம் பக்கத்திலேயே பாருங்கள். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பிகள், நேப்பாளத் தம்பிகள் நம்மிடம் தமிழில் கேட்கிறார்கள், சீனரிடம் மலாயில் பேசுகிறார்கள். எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்?

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தரங்கம்பாடியில் இறங்கினார், வயது ஏறத்தாழ இருபத்துநான்கு. கையில் அகராதி கிடையாது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ ஆ எழுதிப் பழகினார். பத்தே வருடத்தில், 1716இல், தமிழ் இலக்கண நூல் ஒன்றை ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாக்கினார். 1856இல் கார்ல் கிரவுல் என்ற ஜெர்மானியர் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். நம் ஊர்ப் பக்கமே ஒரு பிரெஞ்சுக்காரர் வந்திருக்கிறார். ஆன்றி ஃபோகோனியே 1905இல் மலாயாவுக்கு வந்து, மலாயும் தமிழும் கற்று, ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகத்துக்காக நட்டவர் அவர்தான். இந்த நாட்டிலேயே அது முதல் முறை. இந்த மண்ணைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. நம் பாட்டன் பூட்டன் வெட்டின காட்டைப் பற்றி அந்தத் துரை பிரெஞ்சில் என்ன எழுதினார் என்று அவருடைய மொழியிலேயே நம்மில் ஒருவர் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பிரெஞ்சைத் தொடங்க எனக்கு அதுவே காரணமாக இருந்தது.

எப்படிப் படிப்பது? ஆசிரியர் இல்லாமல் படிப்பது புதிய விஷயமில்லை. 1856இலேயே பெர்லினில் லாங்கன்ஷைட் என்பவர் தபாலில் பிரெஞ்சு பாடம் அனுப்பும் தொழில் தொடங்கினார். இன்று தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் ஆரம்பநிலைப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. மெதுவாக வாசிக்கும் செய்தியும் உண்டு, எழுத்து வடிவத்தோடு. பிரெஞ்சுக்கு ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி. இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள். கேளுங்கள். நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதுங்கள். எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அப்புறம் சத்தமாக வாசியுங்கள், வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை. மறுநாள் புதிய துண்டுக்குப் போகாதீர்கள், அதையே திரும்ப எடுங்கள். செயலியில் பச்சைக் கட்டங்களைத் தட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறேன். வாய் திறக்காமல் மொழி வராது.

மறதியைப் பற்றிக் கவலை வேண்டாம். எபிங்காஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்குப் பிறகு மெதுவாகக் குறைகிறது. திரும்பப் படிக்கும்போது முதல் தடவையை விடக் குறைந்த நேரமே ஆகிறது. அப்போது அவர் முப்பதுகளில் இருந்தவர். ஆக, நேற்றுப் படித்தது இன்று மறந்தால் அது வயதால் இல்லை. 1972இல் லைட்னர் என்பவர் இதற்கு ஒரு பெட்டி சொன்னார். பழைய பிஸ்கட் டின்னில் அட்டை வைத்துத் தடுத்தாலே போதும். சொல்லை ஒரு சீட்டில் எழுதி முதல் தடுப்பில் போடுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்பு, தவறினால் மறுபடி முதல் தடுப்பு. முதல் தடுப்பைத் தினமும், பின் தடுப்புகளை இடைவெளி விட்டுப் பாருங்கள். சீட்டின் பின்புறம் பொருளைத் தமிழிலேயே எழுதுங்கள். மீர் என்பதற்குப் பின்னால் எனக்கு என்று எழுதினால் இலக்கணமும் சேர்ந்தே வந்துவிடும்.

வேலை, படிப்பு பற்றிக் கேட்பீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் அரையாண்டுக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். தங்கும் செலவு தனி. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவரிடம் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள்.

தேர்வு பற்றி ஒரு அக்கா முன்னமே சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். நிலைகள் ஏ1 முதல் சி2 வரை ஆறு. ஜெர்மனுக்கு கோத்தே இன்ஸ்டிட்யூட், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் ஃப்ரான்சேஸ், இரண்டும் கோலாலம்பூரில் இருக்கின்றன. அங்கே வகுப்புக்குப் போகாமல், வீட்டில் படித்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் பதிவு செய்யலாம். பிரெஞ்சு டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அரை மணி நேரம் தினமும் ஒதுக்குகிறவர் ஏ1 எழுத ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் வேண்டாம்.

ஜெர்மன் தொடங்க விரும்புகிறவர்கள் வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இதே மண்டபத்துக்கு வாருங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, கைப்பேசிக்கு இயர்போன் கொண்டுவந்தால் போதும். பிள்ளைகளை வீட்டில் விட முடியாதவர்கள் கூட்டிக்கொண்டே வாருங்கள்.