திருப்பூர்ல செகண்ட்ஸ் பவர் மெஷின் வாங்கப் போறேன், வாங்க போலாம் | துணிப்பை தைக்கிறவங்க பாருங்க

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதுங்களா? உடுமலைல இருந்து திருப்பூர் போற பஸ்ல உக்காந்துட்டுதான் பேசுறேன், ஜன்னல் கண்ணாடி வேற லொடலொடன்னு ஆடுது. நம்ம தாம்பூலப் பை, காட்டன் மஞ்சப்பை ஆர்டர் எல்லாம் இவ்ளோ நாள் வீட்டு மெஷின்ல ஒரு குட்டி மோட்டார மாட்டிதான் ஓட்டுனேன், காடா துணி வரைக்கும் பரவால்ல, கேன்வாஸ் வந்தா முக்குது. அதான் இன்னைக்கு பவர் மெஷின், அதாங்க கம்பெனில ஓட்டுற பெரிய தையல் மெஷின், ஒண்ணு எடுத்துரலாம்னு கெளம்பியாச்சு.

ஏன் திருப்பூர்னா, பனியன் கம்பெனி ஊருங்க, செவுத்துக்கு செவுரு "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டைலர் தேவை"ன்னு நோட்டீஸ் ஒட்டிருக்கும், மூணுமே தையல் மெஷின் வகைங்க, அவ்ளோ மெஷின் ஓடுற ஊர்ல பழசும் வரும், ஸ்பேரும் கெடைக்கும், ரிப்பேர் பாக்க ஆளும் கெடைக்கும்.

ஓகே, இப்ப கடைக்குள்ள இருக்கேன், கடை பேரெல்லாம் சொல்லல, ப்ரொமோஷன் வீடியோ இல்லீங்க இது. பாருங்க, வரிசையா நிக்குது. புதுசுல டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாம மோட்டார் நேரா சுத்துறது), தானா நூல் வெட்டுறது, தானா பூட்ட, அதாவது துணிய அமுக்கிப் புடிக்கிற கால, தூக்குறதுன்னு அந்த அண்ணா ஆசை காட்டுறாரு, சூப்பரா தான் இருக்கு, ஆனா நான் அதுக்கு மயங்கல. பை தைக்கிறவங்களுக்கு ஒரே கேள்விதான், காது, அதாவது கைப்பிடி, வைக்கிற எடத்துல மெஷின் எறங்குதா? காது 4 மடிப்பு, பையோட வாய் மடிச்சு அடிச்சது 3, மொத்தம் 7 அடுக்கு, அதுக்கு மேல பெட்டி போட்டு குறுக்கால பெருக்கல் குறி மாதிரி ஓட்டணும். அதனால வீட்ல இருந்தே அந்த கேன்வாஸ மடிச்சு எடுத்துட்டு வந்துட்டேன், கடைக்காரர் குடுக்கிற மெலிசு துணில எந்த மெஷினும் வெண்ணெய் மாதிரிதான் ஓடும்.

லேசான துணிக்குன்னு செட் பண்ணுன மெஷின்ல போட்டு பாத்தோம், தையல் தாண்டி தாண்டி விழுது. அப்புறம் ஹெவி டைப்ல, 18ம் நம்பர் ஊசி போட்டு, பூட் பிரஷர கொஞ்சம் ஏத்துனதும் டக்கு டக்குன்னு எறங்குதுங்க! அடில திருப்பி பாருங்க, நூல் கொசகொசன்னு இல்ல, மேல மாதிரியே இருக்கு. பழசுன்னா துணிய நகத்துற பல்லு தேஞ்சிருக்கான்னு வெரல் வச்சு பாருங்க, அடில நூல புடிக்கிற ஹூக் முனைய டார்ச் அடிச்சு பாருங்க, மழுங்கி இருந்தா தையல் விட்டுட்டே இருக்கும். வீல கைல சுத்துனா எங்கயும் பிடிக்கக் கூடாது.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். கம்பெனில இருந்து வர்ற பழைய மெஷின்ல சிலதுல த்ரீ பேஸ் மோட்டார் இருக்கும், நம்ம வீட்டு சிங்கிள் பேஸ்ல அத அப்படியே சொருக முடியாது, கேட்டுட்டு வாங்குங்க. கிளட்ச் மோட்டார்னா நீங்க தைக்காம சும்மா உக்காந்திருந்தாலும் ஊஊன்னு ஓடிட்டே இருக்கும், கரண்ட்டும் போகும் சத்தமும் வரும், பக்கத்து ரூம்ல கொழந்தை தூங்க முடியாது. சர்வோ மோட்டார் மிதிச்சா தான் ஓடும், ஸ்பீடயும் கொறைச்சு வச்சுக்கலாம். இந்த மெஷின் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல தையல் போடும், வீட்டு மெஷின்ல இருந்து வர்றவங்களுக்கு மொதல்ல கை நடுங்கும், அதனால சர்வோவே மாட்டித் தர சொல்லிட்டேன்.

வெல? ஹெட் (தைக்கிற மேல் பாகம்), டேபிள், ஸ்டாண்ட், சர்வோ எல்லாம் சேர்த்து 16,000 சொன்னாரு, பேசி பேசி 14,500க்கு வந்தாரு, கூட பாபின் கேஸ் ரெண்டு, ஊசி ஒரு பாக்கெட். ஊசிய மாத்திராதீங்க, இதுக்கு டிபி ஒன்னுங்கற வகை, தண்டு உருண்டையா இருக்கும், வீட்டு மெஷின் ஊசில ஒரு பக்கம் தட்டையா இருக்கும்ல, அது இதுக்கு சேராது.

பஸ்ல ஏத்த முடியாதுங்க, ஹெட் மட்டுமே நல்ல கனம், பார்சல் சர்வீஸ்ல போட்டாச்சு. ஹெட்ட தனியா கழட்டி சாக்கு சுத்தி கட்ட சொன்னேன், ஆயில் தொட்டில இருக்கறத மொத்தமா வடிச்சுட்டாங்க. நாளைக்கு வந்து எறங்குனதும் வெள்ளை ஆயில தொட்டில கோடு வரைக்கும் ஊத்திட்டு, மொதல்ல நூல் கோக்காம பூட்ட தூக்கி வச்சு மெதுவா ஓட விட்டுட்டு தான் துணி வைக்கணும். கேன்வாஸ் டெஸ்ட் வீடியோ தனியா போடறேன், பஸ் வந்துருச்சு, சீட்டு புடிக்கணும், பாய்!