மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கல்வரிசை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மாதந்தோறும் இந்த அரங்கை முகம் சுளிக்காமல் நமக்குத் திறந்துவிடும் நூலகர் அம்மையார் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குப் புவியியல் கற்பித்து, இன்று முன்வரிசையில் அமர்ந்து நான் எங்கே தவறுவேன் என்று காத்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, என்னைப் பற்றி உண்மையும் அல்லாததும் கலந்து பத்து நிமிடம் அறிமுகவுரை ஆற்றிய செயலாளர் தம்பி அவர்களே, விடுமுறை மாலையை எனக்காகத் துறந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மத்தியதரைக்கடல் கிராமம்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மலை, கடல், உணவு, ரயில், மக்கள் என்று ஐந்து கூறுகளாகப் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஐந்தையும் முடித்துவிடுவேன் என்று அவைத்தலைவருக்கு வாக்களித்திருக்கிறேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இத்தாலியின் வடமேற்கே, லிகூரியா மாநிலத்தில், லா ஸ்பேட்ஸியா நகரத்துக்கு அருகே சிங்குவே தெர்ரே என்ற கடற்கரை இருக்கிறது. 'ஐந்து நிலங்கள்' என்பது அந்தப் பெயரின் பொருள். மான்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்ற ஐந்து ஊர்களும் சேர்ந்ததுதான் அது. ரயிலில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகக் கால் மணி நேரம் போதும். அங்கே மலை சரிந்து வந்து கடலில் நேராக இறங்குகிறது. நடுவில் சமதரை என்பதே இல்லை. இளஞ்சிவப்பும் மஞ்சளும் காவியும் பூசிய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதைப் போல இருப்பதைத்தான் நாட்காட்டிகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1997ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்தக் கரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் அது தேசியப் பூங்காவும் ஆயிற்று. ஆனால், அன்பர்களே, யுனெஸ்கோ வீட்டின் வண்ணத்துக்காக மட்டும் அந்தச் சிறப்பைத் தரவில்லை. வீடுகளுக்குப் பின்னால், மலையின் உடம்பெங்கும் படிபடியாக ஓடும் கல்வரிசைகளைப் பாருங்கள். காரை இல்லை, சிமெண்டு இல்லை, கல்லின்மேல் கல். அந்தச் சுவர்கள் தாங்கிப் பிடித்திருக்கும் ஒடுக்கமான மண்பட்டைகளில்தான் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் திராட்சை விளைகிறது. சுவர்களின் மொத்த நீளத்தைச் சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிடுவது உள்ளூர் வழக்கம். அளந்தவர் யார் என்று மட்டும் கேட்கக்கூடாது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் பாட்டிமார் சொன்னதன் முழுப்பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. எப்படி என்று சொல்கிறேன்.

நானும் என் துணைவியாரும் கோர்னீலியாவுக்குப் போனது ஒரு மார்ச் மாதம். ஐந்து ஊர்களில் அது ஒன்றுதான் நீர்க்கரையில் இல்லாமல், ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் ஒரு பாறைமுனையில் அமர்ந்திருக்கிறது. ரயில் நிலையமோ கீழே, அலைக்கு அருகே. அங்கிருந்து ஊருக்கு ஏற லர்தரீனா என்ற படிக்கட்டு. முப்பத்து மூன்று மடிப்புகள், ஏறத்தாழ 380 படிகள். சிற்றுந்தும் உண்டு. அது அப்போதுதான் புறப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும், "முப்பது வருடம் மலைச்சாலை போட்டவனுக்கு இது ஒரு படியா?" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. பத்தாவது மடிப்பில் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று, தன் விருப்பம்போல் இரண்டு மடிப்பு இறங்கிப் போனது. நான் அதன் பின்னால் இறங்கினேன். துணைவியார் படியில் அமர்ந்து, கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்து நிதானமாகக் கடித்தார். நான் மூச்சிரைக்க மீண்டு வந்தபோது, அடுத்த சிற்றுந்து மேலே வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. "அதில் இடம் நிறைய இருக்கிறது போலிருக்கிறதே" என்று மட்டும் அவர் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் அதைவிடக் கடுமையாக அவர் என்னைக் கண்டித்ததில்லை.

மறுநாள் காலை, கால் வலியோடு திராட்சைத் தோட்டங்களின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். ஓரிடத்தில் சுவர் ஒன்று வயிறு தள்ளிச் சரிந்திருந்தது. எழுபது வயதைக் கடந்த ஒருவர், தனியாளாக, அதைப் பிரித்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. கல் இருவருக்கும் தெரியும் என்ற துணிச்சலில், சைகையால் அனுமதி கேட்டு உதவிக்குப் போனேன். பொறியாளன் அல்லவா, பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், திருப்பினார், ஓரமாக வைத்தார். இரண்டாவதும் ஓரத்துக்குப் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. பிறகு தரையில் கிடந்த சில்லுகளைக் காட்டி, கையைக் குவித்துக் காட்டினார். நான் குனிந்து தேடுவதற்குள் என் துணைவியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தட்டையானது ஒரு பக்கம், ஆப்பு வடிவில் இருப்பது ஒரு பக்கம், உருண்டை ஒரு பக்கம் என்று அவர் விரல்கள் பிரித்த வேகத்தைப் பார்த்து, அந்தப் பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "பிராவா, சிஞ்ஞோரா!" என்றார். காலமெல்லாம் அரிசியில் கல் பொறுக்கிய கை அது; அன்றைக்குக் கல்லில் கல் பொறுக்கியது. நண்பகல்வரை அவர் கேட்டதெல்லாம் அந்த அம்மாளின் குவியலிலிருந்துதான். நான் கொடுத்த கற்களில் ஒன்றின்மேல் தண்ணீர்க் குடுவையை வைத்துக்கொண்டார்.

(இப்போது உள்ளே வரும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களை வரவேற்கிறேன். பல பணிகளுக்கிடையே வந்திருக்கிறீர்கள், முன்னால் வந்து அமர வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. நல்ல நேரத்தில் வந்தீர்கள்.)

அந்தச் சில்லுகள் எதற்கு? முகப்பில் தெரியும் பெரிய கற்களுக்குப் பின்னால், மண்ணுக்கும் சுவருக்கும் இடையே, அவற்றைக் கெட்டியாக அடுக்கி நிரப்புகிறார்கள். மழைநீர் மண்ணில் ஊறி, அந்தச் சில்லுப் படுகைக்குள் இறங்கி, காரை இல்லாத இடுக்குகள் வழியே சாவகாசமாக வெளியேறிவிடுகிறது. சுவருக்குப் பின்னால் மண் நிற்கிறது, நீர் நிற்பதில்லை. முகப்பு மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். சில நீளக்கற்கள் சுவரின் உள்ளே ஆழப் போய் முகப்பையும் உட்பகுதியையும் சேர்த்துப் பிடித்திருக்கும். சிமெண்டுச் சுவருக்கும் நீரை வெளியேற்ற வழி வேண்டும், துளைக்குழாய்கள் வைக்கிறோம். குழாய் அடைத்துக்கொண்டால் நீர் சுவருக்குப் பின்னே தேங்கி, அதன் அழுத்தம் முழுவதும் சுவரைத் தள்ளும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றார்கள். இங்கே துரும்பு ஒரு மலையையே பிடித்து வைத்திருக்கிறது.

தலைமையாசிரியர் ஐயா முன்னிலையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில், ஒரு மலைச்சாலை வளைவில் ஏற்கெனவே இருந்த பழைய கல்லடுக்குச் சுவரை இடித்துவிட்டு, கம்பீரமான சிமெண்டுத் தாங்குசுவர் ஒன்றை எழுப்பினேன். சுவருக்குப் பின்னால் போட வேண்டிய சில்லுக்கு மாறாக, தோண்டிய களிமண்ணையே கொட்டியிருந்தார்கள்; நானும் குனிந்து பார்க்காமல் கையெழுத்திட்டேன். இரண்டாவது பருவமழையில் அது முழுசாக, ஒரே பலகையாக, சாலையில் படுத்தது. யாருக்கும் அடிபடவில்லை. பக்கத்தில், யார் கட்டியதென்றே தெரியாத பழைய கல்லடுக்கில் பெரணி முளைத்திருந்தது, ஒரு கல்லும் நகரவில்லை.

மத்தியதரைக்கடலுக்குத் திரும்புவோம். 1874இல் ஜெனோவாவையும் லா ஸ்பேட்ஸியாவையும் இணைத்த ரயில்பாதை அந்த ஊர்களின் தனிமையை முடித்துவைத்தது. லா ஸ்பேட்ஸியாவின் கடற்படைத் தளம் மாதச் சம்பளம் தந்தது. கூடையைச் சுமந்து மலையேறியவர்களின் பிள்ளைகள் ரயிலேறினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை; நானும் அப்படித்தான் ஊரைவிட்டு வந்தேன். ஆனால் ஆளில்லாத தோட்டத்தில் முதலில் ஒரு கல் விழும். எடுத்துவைக்க ஆளிருந்தால் அது ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் அந்த ஓட்டையில் மண் வழியும், காட்டுப்பன்றி கிளறும், மேல்படியின் சுவரும் கூடவே இறங்கும். 2011 அக்டோபர் 25 அன்று பெருமழை கொட்டியபோது வெர்னாட்ஸாவின் ஒரே கடைத்தெருவில் சேறும் கல்லும் மாடி உயரத்துக்கு நிரம்பின. அந்த ஊரில் மூவர் உயிரிழந்தார்கள். அன்றைய மழையை எந்தச் சுவரும் முழுதாகத் தடுத்திருக்காது என்பது உண்மை. ஆயினும் இறங்கி வந்த மண்ணில் பராமரிப்பு நின்றுபோன படித்தோட்டங்களின் மண்ணும் இருந்தது. அந்தத் தெருவையும் துறையையும் அந்த ஊர் மக்கள் தோண்டி மீட்டார்கள். இன்று அங்கே நிற்கும் பயணி, ஆயிரம் ஆண்டுகளாக எதுவும் அசையாத ஊர் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்.

நான் அந்த ஊர்களின் அழகு என்று சொல்வது இந்தப் பராமரிப்பைத்தான். விழுந்த கல்லை அன்றைக்கே எடுத்துவைக்க ஒருவர் இருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. 2018இல் இத்தாலி, கிரீஸ், குரோஷியா, ஸ்பெயின் உட்பட எட்டு நாடுகளின் காரையில்லாக் கல்லடுக்குக் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலைமரபுகளில் ஒன்றாக ஏற்றது. வழக்கொழிந்த பொருளாகக் காட்சிப்பெட்டியில் வைக்கவில்லை. உயிரோடிருக்கும் கைத்தொழிலாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவேதான் நகர்மன்ற உறுப்பினர் அவர்களை வைத்துக்கொண்டு கேட்கிறேன். நம் மலைச்சாலைகளில், ஆள் உயரத்துக்கு உட்பட்ட தாங்குசுவர்கள் விழும்போது, கல் கிடைக்கும் இடங்களிலாவது அவற்றைக் கல்லடுக்காகவே மீளக் கட்ட வேண்டும். அந்த வேலை தெரிந்த முதிய கொத்தனார்கள் இருக்கும்போதே, இளைஞர் நான்கு பேரைச் சம்பளத்தோடு அவர்களிடம் பழக விட வேண்டும். இவ்வளவுதான் என் விண்ணப்பம். இதே மேடையில் மூன்றாவது முறையாகச் சொல்கிறேன் என்று செயலாளர் தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும், தம்பி. அதை நான்காவது முறையும் சொல்வேன்.

அவைத்தலைவர் இரண்டாவது துண்டுச்சீட்டையும் அனுப்பிவிட்டார். கடலைப் பற்றியும், மான்தெரோஸ்ஸோவின் உப்பிட்ட நெத்திலியைப் பற்றியும், திராட்சையை வாரக்கணக்கில் நிழலில் உலர்த்திச் செய்யும் ஷாக்கெத்ரா என்ற இனிப்பு மதுவைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். மதுவை விட்டுவிடுவதில் நூலகர் அம்மையாருக்கு மகிழ்ச்சியே. 2012இல் பாறை விழுந்து மூடிய 'காதல் பாதை' என்ற கடலோர நடைபாதை 2024இல்தான் மறுபடி திறந்தது என்ற கதையையும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்கிறேன். விண்ணப்பத்தாள்கள் மூன்றாவது வரிசையில், அந்தக் கல் பொறுக்கிய அம்மாளிடம் இருக்கின்றன. பேனாவும் அவரே கொண்டுவந்திருக்கிறார். கையெழுத்திட்டவர்களுக்குத்தான் முறுக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் சொன்னதல்ல. வணக்கம்.