குளத்து மண்ணும் கிணற்றுத் தீவும்

வணக்கம் நேயர்களே.

இலங்கை வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அநுராதபுரம், வவுனியா பக்கமெல்லாம் குளங்களைக் காட்டும் நீலப் பொட்டுகள் நெருக்கமாகக் கிடக்கும். யாழ்ப்பாணத்துக்கும் தீவுகளுக்கும் வந்தால் அவ்வளவு பெரிய பொட்டு ஒன்றும் தெரியாது. இரண்டு இடத்துக்கும் அதே மாரி மழைதான். வித்தியாசம் நிலத்துக்கு அடியில் இருக்கிற கல்லில்.

வவுனியா, மன்னார் அடங்கிய வன்னியிலும் அநுராதபுரத்திலும் அடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறை. தண்ணீர் அதற்குள் லேசில் இறங்காது. ஓடுகிற நீருக்குக் குறுக்கே மண்கட்டுப் போட்டால் நிற்கும். அந்த நீலப் பொட்டுகளில் தானாக உண்டான ஏரி என்று சொல்லக்கூடியது அருமை. மகாவலிக் கரையோரத்தில் வெள்ளம் தேங்கி உண்டாகும் ஏரிகளான வில்லுகள் போன்ற சிலதைத் தள்ளிவிட்டால், மிச்சமெல்லாம் மனிதர் கைவேலை. மன்னாரின் கட்டுக்கரைக்குளம் அருவியாற்றுத் தண்ணீரை வாங்கி நிற்கிறது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவாவியிலிருந்து அநுராதபுரம் வரை 87 கிலோமீட்டருக்கு ஒரு வாய்க்கால் போகிறது. அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம்தான். கரையில் நின்று பார்த்தால் நமக்குத் தரை சமமாகவே தெரியும். அந்தச் சரிவு தண்ணீருக்கு மட்டும் தெரிகிறது. எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

சரி, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவோம். இங்கே சுண்ணாம்புக்கல். பெய்த மழை வெடிப்புகளுக்குள்ளால் கீழே போய்விடும். எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும். அம்மா புளி போட்டுக் கொதிக்க வைத்துத்தான் அதைக் கழற்றுவார். அந்தக் கல்தான் கரைந்து கேத்தலுக்குள் வந்து படிந்திருக்கிறது.

கீழே போன நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உப்பு. நன்னீர் இலேசு, கடல்நீர் கனம். அந்தக் கனவித்தியாசம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அந்த ஓர் அடி இறங்கிவிட்டால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறிவிடும். துலாவால் இறைத்த காலத்தில் கை சோர்ந்ததும் கிணறும் ஆறியது. மோட்டர் சோர்வதில்லை.

தீவுகளில் இது இன்னும் நெருக்கடி. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியால் போகலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுக்குப் படகுதான். நாலு பக்கமும் கடல் என்பதால் அங்கே நன்னீர்ப் படை மெல்லியது. ஒரு வளவுக் கிணறு நல்ல தண்ணீர், வேலிக்கு அப்பால் சவர். பங்குனி, சித்திரையில் நல்ல கிணற்றடியில் குடங்கள் வரிசையாக இருக்கும். வாளியை மெதுவாக விடச் சொல்லுவார்கள், அடிநீர் கலங்கக்கூடாது என்று.

அதனால்தான் குடாநாட்டுச் சிறு குளங்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். வன்னிக் குளம் வயலுக்குப் பாய்ச்ச. நம்முடையது பெரும்பாலும் மழையைப் பிடித்து நிலத்துக்குள் இறக்க. மாசியில் அது வற்றிக் கிடப்பதைப் பார்த்து உதவாத குழி என்று குப்பை கொட்டுகிறோம், மண் போட்டு நிரவுகிறோம். வற்றிய தண்ணீரில் ஒரு பங்கு உங்கள் கிணற்றுக்குத்தான் வந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் ஊர்க் குளத்துக்கு வரும் வாய்க்காலை ஒருதரம் நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். வணக்கம்.