பூம்பூம் மாடும் நாலு ஏழும்

நடுவர் ஐயாவுக்கும் பெரம்பூர் மக்களுக்கும் வணக்கம். 'கல்யாண வரவேற்பைக் களைகட்ட வைப்பது மெல்லிசைக் குழுவா, டிஜேவா?' என்பது தலைப்பு. டிஜேதான். சரி, தலைப்பு முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "டிஜேவுக்கு என்னய்யா வேலை? பென் டிரைவைச் சொருகுவான், ஒரு காதில் ஹெட்போனை வைப்பான், தலையை ஆட்டுவான். எங்கள் தெருவுக்கு வருகிற பூம்பூம் மாடும் அதைத்தான் செய்யுது!" நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல ஜோக்குக்குக் கட்சி கிடையாது.

ஆனால் அண்ணே, அந்த ஒரு காதில் என்ன ஓடுகிறது தெரியுமா? உங்களுக்கு இன்னும் கேட்காத அடுத்த பாட்டு. இந்தப் பாட்டு நிமிஷத்துக்கு 100 தட்டு, அடுத்தது 104 தட்டு என்றால், வேகத்தை இம்மி இம்மியாக நகர்த்தி, ரெண்டு தாளமும் ஒரே இடத்தில் விழும்போது மாற்ற வேண்டும். தவறினால் ஒரே இலையில் ரெண்டு பேர் சாப்பிட உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். தலை ஆடுவது அந்தக் கணக்குக்கு. பெண்ணின் அப்பா வந்து "சத்தத்தைக் குறைப்பா" என்றாலும் ஆட்டுவோம். மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து "ஏத்து தலைவா" என்றாலும் ஆட்டுவோம். ஒரே நேரத்தில் ரெண்டு எஜமானுக்கு ஆட்டுகிற மாட்டை நீங்கள் பார்த்ததுண்டா?

"அடுத்தவன் பாட்டை ஓட்டிக் காசு பார்க்கிறான்" என்றும் சொன்னார். மெல்லிசைக் குழு மட்டும் சொந்தமாக மெட்டுப் போட்டா பாடுகிறது? கல்யாணத்தில் பாட்டுப் போடுவது காப்புரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் வருஷச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி மத்திய அரசே 2023 ஜூலையில் அறிவித்துவிட்டது. விடுங்கள், சட்டம் பேசினால் பின்வரிசை எழுந்து டீ குடிக்கப் போய்விடும்.

செங்குன்றத்துக்கு வாங்க. அரிசி ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே ஒரு பழைய நெல் குடோனைச் சுத்தம் பண்ணி, சீரியல் லைட் தொங்கவிட்டு வரவேற்பு வைத்திருந்தார்கள். டிஜே நான். மேலே தகரம், மேடையிலிருந்து பின்சுவர் 50 மீட்டர். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். போய்த் திரும்ப 100 மீட்டர் என்றால், நான் "நாலு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் சுவர் தன் பங்குக்கு ஒரு "நாலு" போடும்.

எட்டு மணிக்கு ஒரு சீட்டு வந்தது. நேயர் விருப்பமாக்கும் என்று பிரித்தேன். "வெள்ளை இன்னோவா, கடைசி நம்பர் 47, ஐஸ்கிரீம் வண்டிக்கு வழி மறிக்குது." மைக்கில் சொன்னேன்: "நாலு, ஏழு." சுவரும் சொன்னது. சபைக்குக் கேட்டது: நாலு, நாலு, ஏழு, ஏழு.

கையில் பிரியாணியோடு ஒருத்தர் ஓடினார். ஓடின வேகத்தில் திரும்பி வந்தார். "தம்பி, 4477 என்னுது. ரோட்டுல ஓரமா நிக்குது, யாருக்கு என்ன இடைஞ்சல்?"

சரி, தெளிவாகச் சொல்வோம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். நான் நிறுத்த நிறுத்த சுவருக்கு வசதியாகப் போனது. "நாலு..." நாலு. "ஏழு..." ஏழு. அதே மனிதர் மறுபடி ஓடினார், இந்த முறை பிரியாணியை வைத்துவிட்டு.

அப்புறம்தான் உச்சம். ஸ்பீக்கருக்கு எதிரே துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார். "யாருய்யா அந்த 4477? பிள்ளைங்க ஐஸ்கிரீமுக்குக் காத்திருக்கு, அறிவு வேணாம்? சத்தமாச் சொல்லுப்பா!" சொல்லிவிட்டு ஸ்டைலாகக் கார் சாவியைச் சுழற்றினார். சாவிக்கொத்தில் நம்பர் எழுதியிருந்தது. நாலு. ஏழு. ஐஸ்கிரீம் வந்து சேர்ந்தபோது பாயசமாக இருந்தது. மாமா ரெண்டு கப் குடித்தார்.

எதிரொலியை அடக்கியது என் லேப்டாப் இல்லை. அந்தக் குடோனின் பழைய வாட்ச்மேன். "சாக்கைத் தொங்கவிடு தம்பி, சுவர் பேசாது" என்றார். பின்சுவர் முழுக்கக் கோணிச்சாக்கு கட்டினோம். பேச்சு தெளிந்தது. தம் தம் என்று அதிரும் பேஸ் மட்டும் சாக்குக்கு அடங்காது, அது தகரத்தை உதறிக்கொண்டேதான் இருந்தது.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. மூடிய மண்டபத்துக்கு விலக்கு உண்டு. நாலு கதவும் திறந்து கிடக்கிற குடோனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒன்பதே முக்காலுக்கு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். கூட்டம் போய்விட்டது. பின்கதவில் பாத்திரம் கழுவுகிற அம்மா ஒருத்தர் நின்றார், முந்தானையில் கையைத் துடைத்தபடி. அன்று எனக்கு வந்த சீட்டு மொத்தம் முப்பது இருக்கும். இவர் சீட்டு கொடுக்கவில்லை. பாட்டின் பெயரும் தெரியவில்லை. ரெண்டு வரி முனகிக் காட்டினார். "எங்க கல்யாணத்துல மைக் செட்டுக்காரர் போட்டாரு. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாச்சு. இருக்குதாப்பா?"

இருந்தது. எங்கள் தாத்தாவும் தென்னை மரத்தில் குழாய் கட்டிய மைக் செட்டுக்காரர்தான். அந்தப் பாட்டை அவர் எத்தனை கல்யாணத்தில் போட்டாரோ!

நடுவர் ஐயா, மணி மேல் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரு நிமிஷம். அந்த அம்மா ஆடவில்லை. கவிழ்த்துவைத்த அண்டாவில் ரெண்டு விரலால் தாளம் மட்டும் போட்டார். பாட்டு பாதியில் இருக்கும்போதே பத்து அடித்தது. நான் நிறுத்தவில்லை ஐயா. பெரிய பெட்டிகளை அணைத்துவிட்டு, என் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். அவருக்கும் தலை ஆடியது.

நன்றி, வணக்கம்.