ஆடு எங்கே மேய்ந்தது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோபிசெட்டிபாளையத்துப் பெருமக்களே, வணக்கம். மாலை போட்டதிலேயே என் நேரத்தில் பாதி போய்விட்டது, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"இயற்கை விவசாயத்துக்குச் சான்றிதழ் காப்பா, கைவிலங்கா?" என்பது தலைப்பு. கைவிலங்கே என்று பேச என்னை அழைத்தார்கள். காப்பு என்று பேசச் சொல்லியிருந்தாலும் பேசியிருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் எதிரணித் தலைவர் சற்று முன் ஒன்று சொன்னார் பாருங்கள்: "லைசென்ஸ் கேட்டால் வண்டி ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் வேர்க்கும்." நீங்களும் கைதட்டினீர்கள். அந்த நிமிடமே நான் மனதாரக் கைவிலங்குக் கட்சிக்காரன் ஆகிவிட்டேன்.

ஐயா, லைசென்ஸ் வாங்கப் போனால் என் வண்டியை நான் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். எதிரே வருகிறவன் குடித்திருக்கிறானா என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. இங்கே? பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி பூச்சிமருந்து அடிக்கிறான், காற்று என் பக்கம் வீசுகிறது, பதில் சொல்ல வேண்டியவன் நான். வரப்போரம் இடைவெளி விட வேண்டியவனும் நான். அந்த இடைவெளியில் விளைந்ததை இயற்கை விளைச்சல் என்று விற்க முடியாமல் நிற்பவனும் நான். அடித்தவனுக்குத் தினமும் எழுதும் பண்ணை டைரி உண்டா? ஆய்வு உண்டா? கட்டணம் உண்டா? நண்பரே, உங்கள் சாலையில் ஒழுங்காக ஓட்டுகிறவனிடம் மட்டும்தான் லைசென்ஸ் கேட்கிறார்கள். தாறுமாறாக ஓட்டுகிறவன் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்!

தண்ணீரைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால், அதன் பாசனத்தில் மஞ்சள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. அந்த வாய்க்காலில் சாயக்கழிவும் தோல் கழிவும் கலக்கின்றன என்று உழவர்கள் எத்தனை முறை தெருவுக்கு வந்திருக்கிறார்கள்! கலந்தவன் எந்தச் சான்றிதழும் கேட்டு நிற்கவில்லை. கடைமடைக்காரன்தான் தன் தண்ணீர் சுத்தம் என்று நிரூபிக்க வேண்டும். இதற்கும் லைசென்ஸ் உவமை வைத்திருக்கிறாரா நண்பர்? இருந்தால் அடுத்த சுற்றில் சொல்லட்டும்.

இப்போது எங்கள் மாமா கதை. கவுந்தப்பாடிப் பக்கம் மஞ்சள் பண்ணையம். இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தார். 2001-ல் மத்திய அரசு கொண்டுவந்த சான்றிதழ்த் திட்டத்தின்படி, ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாற ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, தென்னை போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு மாறுதல் காலம். அந்தக் காலத்தில் ரசாயன உரம் போடக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது, இயற்கை விளைபொருள் என்று விற்கவும் கூடாது. வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம், அதற்குத் தடை இல்லை.

இரண்டு மாட்டுச் சாணம் காட்டுக்குப் போதவில்லை. ஒரு சித்திரையில் மூலனூர்ப் பக்கத்து மேய்ப்பர் ஒருவர் செம்மறி ஓட்டிவந்து பட்டி அடைத்தார். காலையில் பட்டிப்படலை நகர்த்தும்போது புழுக்கை காலில் நெருடும், மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். அந்த மண்ணில் மஞ்சள் எப்படி விரலி பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சான்றிதழுக்காக ஆய்வாளர் வந்தார். மரியாதையான பையன்.

"இந்த எரு எங்கிருந்து வந்தது?"

"ஆட்டிலிருந்து."

"ஆடு எங்கிருந்து வந்தது?"

"மூலனூரிலிருந்து."

"வழியில் எங்கே மேய்ந்தது?"

மாமா மேய்ப்பரைப் பார்த்தார். மேய்ப்பர் ஆட்டைப் பார்த்தார். ஆடு ஆய்வாளரைப் பார்த்தது.

படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. மேய்ப்பர்தான் கைகொடுத்தார். "எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. காங்கேயம் வரைக்கும் கொறங்காட்டு மேய்ச்சல் நிலம், கொழுக்கட்டைப்புல். அதற்குப் பிறகு அதன் வாயைப் பொறுத்தது."

நடுவர் சிரிக்கிறார். இன்னும் முடியவில்லை ஐயா. அடுத்த முறை உறுதிமொழிக் கடிதம் வேண்டும் என்றார்கள். "என் ஆடுகள் மருந்து அடித்த பயிர் எதையும் மேயவில்லை" என்று மேய்ப்பர் கைநாட்டு வைத்தார். மேய்ந்தது யார்? ஆடு. அப்படியானால் கைநாட்டு யார் வைக்க வேண்டும்? இதே கதையைப் பெருந்துறையில் சொன்னபோது ஆடே கைநாட்டு வைத்ததாகச் சொல்லிவிட்டேன். பவானியில் ஆட்டின் பாட்டி எங்கே மேய்ந்தது என்று கேட்டதாகவும் சேர்த்தேன். இங்கே பெரிய சபை என்பதால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எதிரணிச் சகோதரி ஒருவர், "உழவர்களே ஒருவரையொருவர் சோதிக்கும் பி.ஜி.எஸ். முறை இருக்கிறதே, செலவில்லையே" என்றார். அம்மிணி, பங்காளி தோட்டத்தைப் பங்காளி சோதிப்பதா? இருவருக்கும் வரப்பு வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது! பாரியூர் அம்மன் கோயிலில் தீக்குண்டம் இறங்குகிறவனிடம் நாம் விரதச் சான்றிதழ் கேட்பதில்லை. அது மட்டும் நினைவிருக்கட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று.

மாமாவின் பண்ணை டைரியை எழுதியது என் அத்தை. எட்டாம் வகுப்பு படித்தவர். மாலையில் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார். "ஆவணி 12. மேற்குக் காடு. இரண்டாம் களை. ஆள் ஆறு." அதன் கீழே, "செவலை மாடு கன்று போட்டது." படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது, ஆனாலும் எழுதினார். அந்தப் புரட்டாசியில் அத்தை போய்விட்டார். தையில் மஞ்சள் வெட்டும் வரை டைரியில் ஓர் எழுத்து இல்லை. பதிவேடு முழுமையாக இல்லை என்று சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். காட்டில் ஒரு சொட்டு மருந்து விழவில்லை. அதே மண், அதே ஆட்டு எரு.

விதி விதிதானே என்பார் நண்பர். தர்க்கப்படி அவர் சொல்வதுதான் சரி. தர்க்கத்துக்காகவா இவ்வளவு பேர் பனியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

நடுவர் அவர்களே, மூன்றாவது வரிசையில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் எங்கள் மாமா. எழுந்திருங்கள் மாமா, கூச்சப்படாதீர்கள். தீர்ப்பு எதுவாக இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா. வணக்கம்.