கார் ஏசி கேஸ் தீராது, கசிந்துதான் போகும்

[காட்சி: பானெட் திறந்திருக்கிறது]

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுது. வருஷாவருஷம் கேஸ் அடிக்க வேண்டியிருந்தா, எங்கேயோ கசியுது. அந்த இடத்தைப் பிடிக்காமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

முதலில் பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்க. எந்த வகை கேஸ் என்று அதில் இருக்கும். ஆர்134ஏ என்று இருந்தால் தொடரலாம். ஆர்1234ஒய்எஃப் தீப்பிடிக்கக்கூடியது, வீட்டில் தொடாதீங்க.

[டார்ச் வெளிச்சம், குழாய் இணைப்பு கிட்டத்தில்]

கேஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரஸரின் ஆயிலும் சுற்றுது. அதனால் கசியுற இடத்தில் பிசுக்கு இருக்கும், அதில் தூசி அப்பி கருப்பாகத் தெரியும். கண்டென்ஸரின் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், கேஸின் சூட்டை வெளியேற்றும் வலை) முன்பக்கம், குழாய் இணைப்புகள் எல்லாம் பாருங்க. கேஸ் ஏற்றும் வால்வின் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்க. பலரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். சின்னக் கசிவில் குமிழி வர ஒரு நிமிஷம்கூட ஆகும், பொறுமையா இருங்க. டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலே கசிந்தால் அது ஒர்க்‌ஷாப் வேலை.

இணைப்பில்தான் கசிவா? மீதி கேஸை ஒர்க்‌ஷாப் மெஷினில் எடுத்த பிறகே போல்ட்டில் கை வையுங்க. காற்றில் திறந்துவிடக் கூடாது. தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம்.

இணைப்பை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் பழசானால் தட்டையாகி, விறைத்துப் போயிருக்கும். ஏசிக்கென்றே விற்கிற ஓ-ரிங், அதே அளவில் வாங்கி, கம்ப்ரஸர் ஆயில் தடவிப் போடுங்க. சாதா ரப்பர் ஊதிப்போகும். குழாயைத் திறந்தாச்சுன்னா, ஈரத்தை உறிஞ்சுகிற ட்ரையரையும் மாற்றுங்க.

[கேஜ் முள் கிட்டத்தில்]

இனி வேக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. 30 முதல் 45 நிமிஷம் பம்ப் ஓடட்டும். உள்ளே ஈரம் தங்கினால் கேஸ் விரிந்து குளிர்கிற எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். கேஜின் வால்வுகளை மூடி, பம்பை நிறுத்தி, அரை மணி நேரம் முள்ளைக் கவனிங்க. ஏறினால் இன்னும் கசிவு இருக்கு, கேஸ் ஏற்றாதீங்க.

ஸ்டிக்கரில் 420 கிராம் என்றால் தராசில் வைத்து 420 கிராம்தான். கூடினாலும் குளிர்ச்சி குறையும். இன்ஜின் ஓடும்போது கேஜில் குறைந்த அழுத்தப் பக்கத்து நீல வால்வை மட்டும் திறங்க, கேஸ் கேன் நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும். அதிக அழுத்தப் பக்கத்து சிவப்பு வால்வைத் திறந்தால் அழுத்தம் கேனுக்குத் திரும்பி வெடிக்கலாம்.

ஒரு வாரம் கழித்து அதே இணைப்பை வெள்ளைத் துணியால் துடைங்க. துணியில் எண்ணெய்க் கறை படியக் கூடாது.